கண்டக்டர் வாங்கிய ஸ்டியரிங்

கந்தனுக்கு உயரத்தில் இரண்டு விரற்கடை குறைவு. டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்த அன்று, சுவரில் கிழித்திருந்த கோட்டுக்குக் கீழேயே அவருடைய தலை நின்றுவிட்டது. முந்தின நாள் முழுக்க மாமரக் கிளையைப் பிடித்துத் தொங்கினார் என்றும், அதில் கைதான் நீண்டதே தவிர உடம்பு நீளவில்லை என்றும் எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. கை நீண்டது உண்மைதான். பிறகு கண்டக்டர் வேலை கிடைத்ததும், கூட்டம் நெரியும் திருப்பதி வண்டியில் முன்படியில் நின்றபடியே கடைசி சீட்டுக்குச் சில்லறை கொடுப்பார். அவர் விசில் ஊதினால், மலைப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருக்கும் பக்தர்களும் எழுந்து இரண்டு படி ஏறிவிடுவார்கள்.

பிறந்தது திருத்தணி நெசவாளர் தெருவில். தறிச் சத்தம் காதுக்கு ஆகவில்லை என்றுதான் பஸ்ஸுக்கு ஓடினார். ஆனால் அவர் கட்டிக்கொண்ட மாமன் மகள் தமயந்தி, சீராகக் கொண்டுவந்ததே இரண்டு விசைத்தறி. பழைய தறிகள். அவை ஓடும்போது அந்த வீட்டில் தயிரை யாரும் கடைய வேண்டாம். பானையைத் தரையில் வைத்தால் போதும், மத்தியானத்துக்குள் வெண்ணெய் திரண்டிருக்கும்.

கந்தனின் வண்டியை ஓட்டியவர் ராஜவேலு, பள்ளிப்பட்டுக்காரர். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. நகரி தாண்டி ஒவ்வொரு வளைவும் கந்தனுக்கு மனப்பாடம். வாய் சும்மா இராமல், "அண்ணா, இங்க கொஞ்சம் முன்னாடியே திருப்பியிருக்கலாம்" என்பார். ராஜவேலு திரும்பியே பார்க்காமல், "கண்டக்டரே, நீ விசில் ஊது. வண்டிய நான் பாத்துக்கறேன்" என்பார். இருவரும் ஓய்வு பெறும்வரை இந்த ஒரே பதிலைத்தான் கந்தன் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் ராஜவேலுவிடமிருந்து போன் வந்தது.

"டேய் கந்தா, இன்னா பண்ணிகினு கீற?"

"லுங்கி மடிச்சிகினு கீறேண்ணா. தமயந்தி நெய்யறா, நான் மடிக்கறேன்."

"அதான பாத்தேன். எங்க மாப்ள கம்ப்யூட்டர்ல கார் ஓட்டற செட்டு வாங்கிக் குடுத்திருக்கான்டா. ஸ்டியரிங்கு, பிரேக்கு, கிளச்சு, எல்லாம் நெஜ வண்டி மாரியே. நீயும் ஒண்ணு வாங்கு, ரேஸ் உடலாம்."

"நான் ஓட்டறதா?"

"பொம்ம வண்டிதான்டா. உன் உயரத்த எவனும் அளக்க மாட்டான்."

கந்தன் லுங்கியைக் கீழே வைத்தார். "ஜெயிச்சா இன்னா தருவ?"

"நீயா? என்னையா?" ராஜவேலு சிரித்த சிரிப்பில் போன் சூடானது. "சரி, கேட்டுக்க. தோத்தவன் விசில் ஊதணும். ஜெயிச்சவன டிரைவர்னு கூப்டணும். உயிரோட இருக்கற வரைக்கும். ஆடிக்கிருத்திகை கூட்டம் கலைஞ்ச அடுத்த ஞாயித்துக்கெழம."

"ஆங், சரி" என்று சொல்லிவிட்டுத்தான் கந்தன் கணக்குப் போட்டுப் பார்த்தார். தோற்றாலும் அவர் கண்டக்டர்தான், புதிதாக நட்டமில்லை. ஆனால் ஜெயித்தால், அந்த மீசை வாயிலிருந்தே 'டிரைவர்' என்ற சொல் வரும். அதற்காக அவர் இன்னொரு முறை மாமரத்தில் தொங்கவும் தயாராக இருந்தார்.

பெங்களூருவில் வேலை பார்க்கும் மகள் விட்டுப்போன கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. இல்லாதது ஸ்டியரிங் ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தேவிப்பிரியாவிடம் போனார்.

"புதுசா கத்துக்கறவருக்குப் பெருசா எதுவும் வேணாங்கண்ணா" என்று அவள் மேசைமேல் இரண்டு ஸ்டியரிங்கை எடுத்து வைத்தாள். "பெல்ட்டு போட்டது ஒண்ணு கீது, வெல கேட்டா உங்களுக்கு நெஞ்சு வலிக்கும், அத உடுங்க. இது கியர் போட்டது. ஒருத்தர் ஓட்டிட்டுக் குடுத்தது, அதனால கம்மியா கெடைக்குது. உள்ள மோட்டார் கீது. வண்டி பள்ளத்துல எறங்குனா உங்க கைல தெரியும். டயரு வழுக்குனா ஸ்டியரிங்கு லேசாயிடும், அத வெச்சே சுதாரிச்சிக்கலாம். சத்தந்தான் கொஞ்சம் போடும்."

"இன்னொண்ணு?"

"இது இன்னும் கம்மி. உள்ள ரப்பர் கயிறுதான். திருப்பி உட்டா நடுவுக்கு வந்துடும், அவ்ளோதான். ரோடு கைல தெரியாது. சுத்தறதும் முக்கா வட்டந்தான், கியர்து நெஜ கார் மாரி ரெண்டரை சுத்து சுத்தும்."

கந்தன் உட்காரவில்லை. பழக்கதோஷத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடிப்பதுபோல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்கண்ணா. அது டிரைவர் சீட்டு. உங்களுக்குத்தான்."

உட்கார்ந்தார். ரப்பர் கயிற்றை முதலில் ஓட்டினார். திரையில் கார் கல்லிலும் பள்ளத்திலும் குதித்தது, கையில் ஒன்றும் இல்லை. "செத்த பாம்பப் புடிச்சா மாரி கீதும்மா." அடுத்தது கியர். காபிக்கொட்டை அரைப்பதுபோல் கறகறவென்று உறுமி, வளைவில் கையை உதறியது. கந்தன் முகம் மலர்ந்தது.

"இதையே எடுத்துக்கோங்க" என்றாள் தேவிப்பிரியா. "பெடலையும் மிதிச்சுப் பாருங்க, பிரேக்கு கெட்டியா கீது. மேசைல இறுக்கறதுக்கு நல்ல கிளாம்பும் கீது."

அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நெசவாளர் தெருவில் நூலைக் கடையில் தொட்டுப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. ஒரு கோன் வீட்டுக்கு எடுத்துப்போய், தன் தறியில் ஓட்டி, அறுகிறதா என்று பார்த்த பிறகுதான் மூட்டைக்குப் பேச்சு. கந்தன் தறியை விட்டு ஓடியவர் என்றாலும் அந்தப் புத்தி ஓடவில்லை.

"ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துனு போயி ஓட்டிப் பாக்கறேன். நம்ம எடத்துல எது ஒத்துவருதோ அது."

தேவிப்பிரியாவும் அதே தெருப் பெண்தான். மறுக்காமல் இரண்டையும் பையில் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது தறிக்கூடத்தின் மூலையில். மேசை என்பது ஒரு நீளப் பலகை. ஒரு முனை சுவரில் ஆணி அடித்தது, மறுமுனை தறிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியது. இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் கியர் ஸ்டியரிங்கைப் பலகையில் இறுக்கி ஓட்டினார். அது ஒரு பக்கம் உதற, வேறு ஏதோ ஒன்று இன்னொரு பக்கம் உதற, சற்று நேரத்தில் கை மரத்துப்போய் விரல் எண்ணிக்கையே மறந்துவிட்டது.

பிறகு ரப்பர் கயிறு. பிடித்ததும் கந்தன் கண் விரிந்தது. ஸ்டியரிங் சன்னமாக அதிர்ந்தது. கடையில் செத்துக் கிடந்த பாம்பு இங்கே உயிரோடு நெளிந்தது.

"தமயந்தி! ரோடு தெரியுதுடீ! நகரி ரோடு மாரியே தெரியுது!"

"கண்ண மூடிகினா ஓட்டற, பாவா? மலைல போயி முட்டிகினு கீற பாரு" என்றாள் தமயந்தி. அத்தை மகன் அவளுக்கு இன்னும் பாவாதான்.

மறுநாள் கியரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். தேவிப்பிரியா நம்பவில்லை. "அதுக்குள்ள மோட்டாரே இல்லண்ணா. எப்படி அதிரும்?"

"உன் கடைல அது புது எடம்னு வெக்கப்பட்டுகினு இருந்திருக்கும்மா. எங்க வீட்டுல பேசுது."

பேசுகிற பொருளை வாங்குகிறவரோடு எந்தக் கடைக்காரி சண்டை போடுவாள்? சிரித்துக்கொண்டே காசை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து பயிற்சி. கால் எட்டவில்லை என்று பெடலுக்கு அடியில் செங்கல் வைத்தார். மிதித்தால் பெடல் பின்னே ஓடியது, தறியின் பாவுக்குத் தொங்கவிடும் எடைக்கல்லை அதற்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார். வண்டி கிளம்பும் முன் ஒரு விசில். பந்தயத்துக்கு இருவரும் பேசி வைத்தது ஒரு மலைப்பாதை. முதல் வாரத்தில் அவர் முட்டிச் சரித்த பாறைகளை அடுக்கியிருந்தால் நம் ஊருக்கு இன்னொரு மலை கிடைத்திருக்கும்.

மெதுவாகத்தான் பிடிபட்டது. சத்தம் ஆகாதவர், சத்தத்தை வைத்தே பாதையைப் படித்தார். இந்த நேர்ரோட்டில் தறி பத்து அடி அடித்ததும் பிரேக். பாலம் தாண்டி நான்கு அடியில் இடப்பக்கம். கடைசிக் கொண்டை ஊசிக்கு ஆறு. தறி தட்டத் தட்ட, வாய் எண்ண எண்ண, கை தானாகத் திரும்பியது. தமயந்தி நூல் அறுந்து தறியை நிறுத்தினால், அவரும் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுவார். அதனால் தறி நிற்கும்போது ஸ்டியரிங் என்ன செய்யும் என்று அவர் பார்த்ததே இல்லை.

அந்த ஞாயிறு வந்தது. பாதித் தெரு தறிக்கூடத்தில் கூடிவிட்டது. தேவிப்பிரியாவும் பேசுகிற ஸ்டியரிங்கைப் பார்க்க வந்திருந்தாள். ராஜவேலு பள்ளிப்பட்டிலிருந்து போனில் ஸ்பீக்கரில் இருந்தார்.

"கண்டக்டரே, ரெடியா? டிக்கெட்லாம் போட்டாச்சா?"

"எல்லாம் போட்டாச்சு. நீ எட்றா வண்டிய" என்றார் கந்தன். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணா விட்டுப்போய், ஒரு 'டா' கூட வந்திருந்தது. அவரே மிரண்டுபோனார்.

தமயந்திக்கு மனசு இளகியது. இவருக்குத்தான் தறிச் சத்தமே ஆகாதே, இன்றைக்காவது நிம்மதியாக ஓட்டட்டும் என்று, ஆர்டர் அவசரத்தில் ஓடிக்கொண்டிருந்த தறிகள் இரண்டையும் அவளாகவே நிறுத்தினாள். கூடம் கோயில்போல் அமைதியானது. கந்தன் விசில் ஊதினார். பந்தயம் ஆரம்பித்தது.

முதல் நேர்ரோட்டிலேயே அவர் முகம் வெளுத்தது. ஸ்டியரிங் செத்துக் கிடந்தது. ரோடு இல்லை, எண்ணிக்கையும் இல்லை. எண்ணுவதற்கு எதுவும் தட்டவில்லை. பாலத்தில் மோதி, சுழன்று, பின்பக்கமாகப் போய் நின்றார்.

"இன்னாடா, ரிவர்ஸ்ல வர்ற? யாராவது எறங்கணுமா?" என்றது போன்.

"கரண்ட் போச்சா?" என்று கந்தன் அலறினார்.

"படம் ஓடுதே, பாவா!"

"ஸ்டியரிங்கு செத்துப்போச்சுடீ!"

தேவிப்பிரியா குனிந்து பலகைமேல் கை வைத்தாள். பலகை தறிச் சட்டத்தோடு கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தாள். நின்றுபோன தறியைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்து, நூல் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, ரோடு உங்க ஸ்டியரிங்ல இல்லண்ணா! அக்கா, தறியப் போடுங்க! அதிர்றது தறிதான்!"

தமயந்திக்குப் பாதிதான் புரிந்தது. அது போதும். ஓடிப்போய் சுவிட்சை அமுக்கினாள், ஒன்று, அடுத்தது. தட தட தட என்று கூடம் அதிர்ந்தது. பலகை அதிர்ந்தது. கந்தன் கையில் பாம்பு உயிர் பெற்றது.

"வந்துட்டுதுடீ!"

"இன்னாடா சத்தம் அது?" போனில் ராஜவேலுவின் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. "லாரி எடுத்தாந்துட்டியா?"

கந்தன் தறி அடியை எண்ணிக்கொண்டிருந்தார். தூரம் சுருங்கிக்கொண்டே வந்தது. ராஜவேலு நல்ல டிரைவர், அதுதான் அவருக்கு வினையானது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், பின்னே நாற்பது பேர் நின்றுகொண்டு வருவதுபோல், அதில் ஒருத்தி பிள்ளைத்தாச்சி என்பதுபோல், பதமாக பிரேக் போட்டார். ஓய்வு பெற்றும் காலுக்கு அது மறக்கவில்லை. கந்தனுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. அந்தப் பதமான பிரேக்குக்கே ஊரார் மடியில் போய் விழுந்து எழுந்தவருக்கு, யார் விழுந்தாலும் பரவாயில்லை.

கடைசிக் கொண்டை ஊசி. நான்கு, ஐந்து, ஆறு. உள்பக்கமாகத் திருப்பினார். ராஜவேலுவின் கார் மரியாதையாக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, கந்தனின் கார் அதன் கதவை உரசிக்கொண்டு முன்னே போய்விட்டது.

தெரு போட்ட கூச்சலில் மலைமேல் மணி தானாக அடித்தது என்று சிலர் சொல்கிறார்கள். சாயங்கால பூஜை நேரம்தானே என்று கேட்டு அவர்கள் மனதை நோகடிக்க வேண்டாம்.

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளிக்கு வரேன்" என்றது.

வந்தார், காலை முதல் பஸ்ஸில். தறிக்கூட வாசலில் தலை குனிந்து நுழைந்தார். அந்த உயரத்துக்கு எப்போதும் குனியத்தான் வேண்டும். ஆணியில் தொங்கிய கந்தனின் பழைய விசிலை எடுத்து, சட்டையில் துடைத்து, ஊதினார். பாதி காற்றுதான் வந்தது.

"போலாம், ரைட்டு" என்றார். மீசை துடித்தது. "டிரைவர்."

கந்தனுக்கு ஏதேதோ பதில் தயாராக இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்: "விசில இன்னும் நல்லா ஊதணும்ணா. வா, காபி குடி."

காபி குடித்துவிட்டு ராஜவேலு அந்த ஸ்டியரிங்கை, தறி ஓட ஓட, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "என்னுது மாரியேதான்டா கீது. இவ்ளோ கம்மிலயா?"

"கம்மி இல்லண்ணா. ரெண்டு தறியும் சேத்து வாங்கணும்" என்றாள் தமயந்தி, ஊடு நூல் மாற்றிக்கொண்டே.

தேவிப்பிரியா இன்னும் அந்தக் கியர் ஸ்டியரிங்கை எடுத்து வைத்திருக்கிறாள், மாற்றிக்கொள்ளச் சொல்கிறாள். கந்தன் மாற்றவில்லை. தறி ஓடும் நேரமெல்லாம் அவரும் ஓட்டுகிறார். ஓடிப்போனதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என்று யாராவது ஞாபகப்படுத்தினால், காது கேளாதவர்போல் ஹாரன் அடிக்கிறார். மத்தியானம் சோறு வெந்ததும் தமயந்தி குரல் கொடுப்பதில்லை. ஒரு தறியை நிறுத்துகிறாள், காரின் வேகம் குறைகிறது. இரண்டாவதையும் நிறுத்தினால், டிரைவர் கை கழுவிக்கொண்டு வந்து இலை முன்னால் உட்கார்கிறார்.