சிவப்புக் கோட்டுக்குப் பின்னால்

ஈப்போவில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில், சனிக்கிழமை காலைகளில் ஏர் ரைபிள் பயிற்சியும் என் பொறுப்பு. அந்த ஆண்டு சேர விரும்பியவர்களில் ஒரு பெண்ணின் படிவம் மட்டும் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. மறுநாள் அவள் அம்மாவே நேரில் வந்துவிட்டார். தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ் ஏறி வந்திருந்தார்.

"டீச்சர், இந்தத் துப்பாக்கி வெளையாட்டு எங்களுக்கு வேணாம்லா."

கேன்டீனில் உட்காரவைத்துத் பாலில்லாத தேநீர், தே ஓ, வாங்கிக்கொடுத்தேன். பாதி குடித்த பிறகுதான் காரணம் சொன்னார். கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்ற வரிசை வீடுகளில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் லைசென்ஸ் வைத்துப் பன்றி சுடுவார். ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாராம். அது சரிந்து வெடித்தது. எதிரே நின்றிருந்தவர் இவருடைய தம்பி.

"உள்ள ஒண்ணும் இல்லன்னுதான் அந்த அண்ணன் நெனச்சிருக்காரு. தம்பி பொழச்சிட்டான். ஆனா ஒரு காலு போச்சு டீச்சர்."

எனக்குச் சமாதானம் சொல்லத் தோன்றவில்லை. "அக்கா, முதல் மாசம் குண்டே போடமாட்டோம். நீங்களும் வந்து உக்காந்து பாருங்க. புடிக்கலேன்னா கூட்டிட்டுப் போயிடுங்க," என்றேன்.

வந்தார். மண்டபத்தின் பின்சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்திருப்பார். மகளும் மற்றவர்களும் நான்கு வாரம் ஒரே வேலையைச் செய்தார்கள். துப்பாக்கியைத் திறப்பது, உள்ளே பார்ப்பது, பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவது, குண்டு இல்லை என்று காட்டும் ஆரஞ்சு நிறக் கயிற்றைக் குழலுக்குள் விட்டுக் கீழே வைப்பது. பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. அம்மாவுக்குச் சலிக்கவில்லை. மூன்றாவது வாரம் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "தம்பி, வெரல் உள்ள போவுது பாரு. வெளிய வை." விசையில் விரல் வைத்த பையன் திடுக்கிட்டு எடுத்தான். நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

மாத முடிவில் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மகள் நன்றாகவே சுட்டாள். மூச்சை விட்டு, அது அடங்கும் இடத்தில் காத்திருக்கும் பொறுமை அவளுக்கு இருந்தது. குறி சரியில்லை என்று தோன்றினால் சுடாமலே துப்பாக்கியை இறக்கிவிடுவாள். அந்த வயதில் அது எளிதாக வருவதில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை. காலையிலிருந்தே கனத்த மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. ஆறு பேர் வரிசையில் நின்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். "ஸ்டாப்!" என்று கத்தினேன். துப்பாக்கிகள் இறங்கியதுபோல் இருந்தது. நடு இலக்கின் அட்டை ஒன்று காற்றில் கழன்று விழுந்திருந்தது. வரிசையை முழுதாகப் பார்க்காமல், அதை எடுக்க, சுடும்போது யாரும் தாண்டக்கூடாத சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தேன்.

"டீச்சர், போவாதீங்க!"

வரிசையில் எனக்கு அருகே நின்ற அந்த அம்மாவின் மகள்தான். அப்படியே நின்றேன். அடுத்த நொடி கடைசி இடத்திலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். அங்கே நின்ற பையன் காதை அடைத்திருந்தான். என் குரல் அவனை எட்டவில்லை. அவன் குண்டு அவன் அட்டையில்தான் விழுந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லாத் துப்பாக்கிகளையும் திறந்து பார்த்துப் பூட்டிவைத்தேன். சுட்ட பையன் வெளிறிப்போயிருந்தான். "உன் மேல தப்பு இல்ல. நான்தான் பாக்காம போனேன்," என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். கத்தியவளோ அழுதுகொண்டிருந்தாள்.

"உங்களப் பாத்துக் கத்திட்டேன் டீச்சர்."

"கத்தினதாலதான் நான் நல்லா இருக்கேன்மா."

வழக்கம்போல் பின்சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வருவதைப் பார்த்தேன். மகளை அழைத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் பிளாஸ்கைத் திறந்து, சூடான மைலோவை மூடியில் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"அன்னிக்கு லயத்து வாசல்ல பத்துப் பேரு நின்னோம் டீச்சர். துப்பாக்கி சரியிறத எல்லாரும் பாத்தோம். ஒருத்தருக்கும் வாய் வரல."

மகளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

நடந்ததை நானே தலைமையாசிரியரிடம் எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொரு பெற்றோரையும் போனில் அழைத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பயிற்சி சில வாரம் நின்றது. மீண்டும் தொடங்கவேண்டும் என்றால் என்னைத் தவிர இன்னொரு பெரியவரும் வரிசையைக் கண்காணிக்கவேண்டும் என்று பள்ளி சொன்னது. ஆசிரியர்கள் யாரும் சனிக்கிழமையை விட்டுத்தரத் தயாராக இல்லை.

"நான் நிக்கட்டுமா டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டார். "எனக்குச் சுடத் தெரியாது. பாக்கத் தெரியும்."

அதற்கென்று இருந்த ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். மாநிலப் போட்டியில் மகள் பதக்கம் எதுவும் வாங்கவில்லை. அதைப் பற்றி இருவருமே அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஐந்தாம் படிவம் என்ற பள்ளி இறுதி வகுப்பை முடித்து, இப்போது வெளியூரில் போலிடெக்னிக் படிக்கிறாள். அம்மா மட்டும் இன்னமும் சனிக்கிழமை வேலை மாற்றிக்கொண்டு வருகிறார். கழுத்தில் விசில், கையில் கொய்யாப் பழப் பை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவரை "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அவர் வெட்கப்பட்டு என்னைப் பார்த்தார். நான் திருத்தவில்லை.