அவளுக்குக் கொடுத்த மாத்திரை

அந்த நர்ஸ் படிக்கும் பெண்ணுக்கு பார்த்துக்கொள்ள எங்கள் தெருவில் ஐந்து வீடு கொடுத்திருந்தார்கள். அதில் எங்கள் வீடும் ஒன்று. ஒரே கூரைதான், நடுவில் மண்சுவர் வைத்து இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் என் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும். கதவில் சுண்ணாம்புக்கட்டியால் நம்பர் போட்டுவிட்டுப் போனாள்.

1991ஆம் வருஷம். எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பெயர் ரேடியோவில் ஓயாமல் அடிபட்ட வருஷம். அந்தச் சந்தடி அடங்கிய பிறகு, வியாழக்கிழமைதோறும் மெட்ராஸிலிருந்து ஒரு வேன் வர ஆரம்பித்தது. அதிலிருந்து நீலக்கரைப் புடவையும் கறுப்புப் பையுமாகப் பெண்கள் இறங்குவார்கள். நர்ஸ் என்றால் ஆஸ்பத்திரியில் இருப்பவள், இவளுக்கு நம் தெருவில் என்ன வேலை என்று நினைத்தேன். கூட வந்த டீச்சர் தண்ணீர்த்தொட்டி பக்கத்தில் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்:

"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள மட்டும் பாத்தா பத்தாதும்மா. வராதவங்களையும் தேடிப் பாக்கக் கத்துக்கணும். உங்க ஊர்தான் இவங்களுக்குப் பாடம்."

"அப்ப நாங்கதான் புஸ்தகமா டீச்சர்? அட்டையெல்லாம் கிழிஞ்சி கீதே!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தோம்.

முதல் நாளே அந்தப் பெண் என்னைக் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு ஏதாவது விசேஷம் உண்டா?"

"இல்ல" என்றேன்.

அது பொய். அப்போது எனக்கு மூன்று மாதம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. தங்காத வயிறு என்றால் ஐந்து மாதம் நிறைகிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டுக்காரருக்கும் வல்லக்கோட்டை முருகனுக்கும் மட்டும்தான் தெரியும். புடவையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டேன்.

கொழுந்தன் பெண்டாட்டிக்கு அப்படி ஒரு பயமும் இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்தான், ஐந்து மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பாள். அந்தப் பெண் நேரே அவளிடம் போய்விட்டாள். பழைய பேப்பரைத் தரையில் விரித்துப் பையை வைத்து, தான் கொண்டுவந்த சோப்பால் கை கழுவி, அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, வயிற்றில் குழல் வைத்துக் காது கொடுத்தாள். விரலை ஊசியால் குத்தி, ஒரு தாளில் ரத்தத்தை ஒற்றி, சிவப்புக் கட்டங்கள் போட்ட அட்டையோடு வைத்துப் பார்த்தாள். "ரத்தம் வெளுத்துப் போயிருக்கு, இந்த இரும்புச்சத்து மாத்திரைய தினம் ஒண்ணு சாப்பிடணும்" என்று மாத்திரைப் பொட்டலம் கொடுத்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் முறத்தை வைத்துக்கொண்டு, ஒரே அரிசியைத் திரும்பத் திரும்பப் புடைத்துக்கொண்டிருந்தேன்.

வாராவாரம் அதுதான். "அக்கா, கீரை சாப்பிட்டீங்களா? முட்டை சாப்பிட்டீங்களா?" என்று அவளைத்தான் கேட்பாள். வயிறு எரிந்தது எனக்கு. சாமி விளக்கை ஏற்றும்போதுகூட, அந்தக் குழல் ஒரு தடவை என் வயிற்றில் படாதா என்றுதான் நினைப்பு ஓடும். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஒரு நாள் கொழுந்தன் பெண்டாட்டி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மாத்திரையை எறியப் போவதைப் பார்த்தேன்.

"இன்னாடி பண்ற?"

"வயித்தப் பொரட்டுதுக்கா. வெளிக்கிப் போனா கறுப்பாப் போவுது, பயமா கீது. அந்தப் பொண்ணாண்ட சொல்லிடாதக்கா."

துன்னுடி, உன் பிள்ளைக்குத்தானே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "எங்கிட்ட குடு, யாரும் பாக்காம குப்பையில போட்டுடறேன்" என்று வாங்கிக்கொண்டேன். உள்ளே போய் கொஞ்சம் விபூதி வாயில் போட்டு, முருகா என்று அந்த மாத்திரையை விழுங்கினேன். அன்றிலிருந்து தினமும் அவள் கொடுப்பாள், நான் விழுங்குவேன். எனக்கும் குமட்டியது. ஆனாலும் அவளுக்கு வந்தது எனக்குள் போகிறது என்பதில் ஒரு திருப்தி இருந்தது. அதை மறைத்து எழுதினால் சாமி மன்னிக்காது.

ஆறாவது வியாழக்கிழமை டீச்சரும் கூட வந்தார். கொழுந்தன் பெண்டாட்டியின் விரலை மறுபடி குத்திப் பார்த்தார்கள். தாளில் ரத்தம் முன்னைக்கும் வெளுப்பு.

டீச்சர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "தினம் ஒண்ணு சாப்பிட்டாங்கன்னு எழுதி வச்சிருக்க. சாப்பிட்டதைப் பாத்தியா, காலிப் பொட்டலத்தைப் பாத்தியா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் சொட்டி அந்தப் பேப்பரில் விழுந்தது.

"ஏழாம் மாசம் நடக்குது. இந்த ரத்தத்தோட பிரசவம் ஆச்சுன்னா உயிருக்கே ஆபத்து" என்றார் டீச்சர்.

"நான் ஒயுங்காத்தான் துன்னேன் டீச்சர்" என்று அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஐந்து மாதம் நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. திறக்காவிட்டால் இவள் போய்விடுவாள்.

முருகா, நீயே பார்த்துக்கொள் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"என் வெரலையும் குத்திப் பாருங்க டீச்சர்."

குத்தினார்கள். தாளில் நல்ல சிவப்பாக ஊறியது.

"உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு?"

"அவ மாத்திரையெல்லாம் நான்தான் துன்னேன். எனக்கும் நாலரை மாசம்."

முதலில் பேசியது அவள்தான். "அடிப்பாவி! குப்பையில போட்டேன்னு சொன்னியேக்கா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "ஒரே வூட்டுல கீறேன், எங்கிட்டகூட சொல்லலயே நீ."

அவள் கையை என் வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொண்டேன்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் சொன்னார்: "தெரிஞ்ச வயித்த மட்டும் பாத்துட்ட. தெரியாத வயிறு இன்னும் எத்தனை வூட்ல இருக்கோ, முதல்லேருந்து போ." அன்று வெயிலில் எல்லாப் பெண்களும் தெரு முழுக்க மறுபடி ஏறி இறங்கினார்கள். என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள்.

அப்புறம் டீச்சர் எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வேலை வைத்தார். தினமும் சாப்பிட்ட பிறகு நான் பார்க்க அவள் விழுங்க வேண்டும், அவள் பார்க்க நான். "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்று அவள் என்னைப் படுத்திய பாடு! நானும் விட்டேனா?

இப்போது என் மகனும் அவள் மகளும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கு ஷிப்டு போகிறார்கள். எல்லாம் முருகன் கொடுத்தது.

அந்த நர்ஸ் படிக்கும் பெண், டீச்சர் வந்த நாளுக்குப் பிறகு நாலு வியாழக்கிழமைதான் வந்தாள். ஒவ்வொரு தடவையும் முதலில் கொழுந்தன் பெண்டாட்டியைப் பார்ப்பாள், பிறகுதான் என்னை. கடைசி நாள் என் வயிற்றிலும் குழலை வைத்துக் காது கொடுத்தாள். குழலை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கேக்குதுக்கா, நல்லா கேக்குது" என்று சிரித்தாள்.

கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குப் பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவளோடத விட வேகமா அடிக்குதா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான்கா" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. ரெண்டும் ஒரே மாதிரி என்று அந்தப் பெண் சொன்னதை நான் இன்றுவரை நம்பவில்லை.