முழுக்கை ரவிக்கைக்குள் போன படம்

அது 1967. சிதம்பரத்தில் பி.யூ.சி. சேர்ந்து, பெண்கள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். ரயிலில் போய்வரக்கூடிய தூரம்தான். ஆனாலும் வயசுப் பெண் தினமும் ரயில் ஏறி இறங்குவதில் அப்பாவுக்குச் சம்மதமில்லை.

முதலில் என் தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது. நகத்தால் லேசாக ஒரு கோடு கிழித்தால் போதும், ஐந்து நிமிஷத்தில் அந்த இடம் சிவந்து, நூல் ஒட்டினாற்போலத் தடித்து எழும்பிவிடும். அரை மணி, முக்கால் மணி நேரம் அப்படியே நிற்கும். பிறகு இருந்த சுவடே தெரியாமல் அடங்கிவிடும். வலி கிடையாது, அரிப்பு மட்டும்தான். பாவாடை நாடா, வளையல், படுக்கும் கோரைப்பாய், எது பட்டாலும் அதன் அச்சு என் மேல் ஏறிவிடும். நாலாவது படிக்கும்போது கணக்கு வாத்தியார் கன்னத்தில் ஒன்று வைத்தார். ஐந்து விரலும் எழும்பி நின்றதைப் பார்த்துப் பயந்துபோனவர், அதற்குப் பிறகு என்னிடம் கணக்குக் கேட்பதையே விட்டுவிட்டார். அது ஒன்றுதான் இந்தத் தோலால் எனக்குக் கிடைத்த லாபம்.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. வேப்பிலை, குப்பைமேனி என்று எதையாவது அரைத்துப் பூசிக்கொண்டே இருப்பாள். கத்தரிக்காயும் கருவாடும் எனக்குக் கிடையாது. கடைசியாகப் பார்த்த டாக்டர், "இது ஒட்டுற நோயும் இல்ல, உயிருக்கு ஆபத்தும் இல்ல. விட்டுடுங்க" என்றார். அம்மா விடுவாளா? எனக்கு மட்டும் மணிக்கட்டுவரை இறங்கும் முழுக்கை ரவிக்கைகளாகத் தைத்துக் கொடுத்தாள். பதினாறு வயதில் தாவணி போட்ட டீச்சரம்மா மாதிரி விடுதிக்குப் போய் இறங்கினேன்.

என் அறைத்தோழி பரங்கிப்பேட்டைப் பெண். அவளுடைய வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தூங்கி எழுந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் தாங்காமல் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுப் படுத்திருந்தேன். பாயின் அச்சு கோடு கோடாக ஏறியிருந்தது. அவசரமாக மூடப் போனேன்.

"இரு புள்ள. வலிக்குதா?"

"வலிக்காது. அரிக்கும்."

"அப்ப நா ஒண்ணு வரையட்டா?"

என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. பார்த்தவர்கள் எல்லாம் ஒன்று 'ஐயோ பாவம்' என்பார்கள், இல்லை நகர்ந்து உட்காருவார்கள். நான் கையை நீட்டினேன்.

அவள் ஊரில் கல்யாணம் என்றால் மருதாணி போட அவளைத்தான் கூப்பிடுவார்களாம். ஈர்க்குச்சியின் முனையைத் தரையில் தேய்த்து மழுக்கிக்கொண்டு, என் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு கொடியை இழுத்துவிட்டாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இலை எழுந்தது, பூ எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கை அழகாக இருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

"மருதாணி போட்டா பத்து நாளைக்கு அதையே பாத்துக்கினு இருக்கணும். உன் கை தெனம் புதுசு" என்றாள்.

அன்று பிடித்தது பைத்தியம். தினமும் சாயங்காலம் ஒரு படம். வெள்ளாற்று முகத்துவாரத்துப் படகு, இறால், முந்திரிப்பழம், ரயில் எஞ்சின் என்று என்னவெல்லாமோ வரைவாள். ஒருநாள் எங்கள் வார்டனைக் கொண்டையோடு வரைந்துவிட்டாள். அது முழுசாக அடங்குவதற்குள் வார்டனே வந்து, "கையில என்ன மறைக்கிறே, காட்டு" என்றார். பொத்தான் கழலவில்லை, நூல் சிக்கிக்கொண்டது என்று கால் மணி நேரம் நான் நடித்த நடிப்பில் கொண்டை அடங்கிப்போய் மூக்கு மட்டும்தான் மிச்சமிருந்தது. "கொசுக்கடிக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்று திட்டிவிட்டுப் போனார்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டும் இருந்தது. வரையும்போது நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கோடு எழும்புவதற்கு முன்னால், பட்ட இடத்தை வைத்தே என்ன படம் என்று சொல்ல வேண்டும். முதலில் தடுமாறினேன். போகப்போக அவள் கை எனக்குப் பழகிவிட்டது. மீன் என்றால் கண்ணில் தொடங்குவாள், படகு என்றால் அடிவளைவில். பிறகு படம் போய் எழுத்து வந்தது. சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போதே என் கையில் 'சாம்பார் ஊசிடுச்சு' என்று எழுதுவாள். நான் கண்ணை மூடியபடியே சிரிப்பேன்.

ஒருமுறை சொன்னாள், "எங்க வாப்பா லெட்டர் போட்டா எங்க வூட்ல சத்தமா படிப்பாங்க. தெருவே கேக்கும். உம்மாவுக்குன்னு தனியா ஒரு வரி எழுதணும்னாகூட அவுங்களால முடியாது. உன் கை எவ்ளோ தேவல, பாரு."

அந்த வருஷம் பொங்கல் விடுமுறை முடிந்து நான் திரும்பியபோது அவள் வரவில்லை. வாப்பா லீவில் வந்திருக்கிறார், பினாங்கு மாப்பிள்ளை, பரீட்சைக்கெல்லாம் இருக்க முடியாது என்று கடிதம் வந்தது. கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.

அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். அம்மாவும் கூடவே வந்தாள். அப்போது எனக்கும் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். "பத்து பேர் வர்ற எடம். யார் வழியா யாருக்கு சேதி போவும்னு சொல்ல முடியாது. ரவிக்கைக் கையத் தூக்கின, அங்கயே கன்னம் பழுத்துடும்" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிற புது முழுக்கை ரவிக்கை.

கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து போனபோது உள்ளறை முழுக்கப் பெண்கள். நடுவில் அவள், தலையில் முக்காடு, குனிந்த தலை. மணப்பெண் அன்றைக்கு வாய் திறந்து பேசக் கூடாது. பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. முக்காட்டின் ஓரத்துக்குள்ளாக என் கையை இழுத்துக்கொண்டு, பொத்தானைக் கழற்றி, ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, நகத்தால் தொடங்கினாள்.

முதலில் ஒரு நீளக் கோடு, வளைந்து இறங்கியது. பக்கத்தில் சின்னதாக ஒன்று. எழுத்தா, படமா? எனக்குக் கண்ணை மூடத் தோன்றவில்லை. எதிரே சுவரோரமாக உட்கார்ந்து யாரோ ஒரு அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்த என் அம்மா, பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெடுக்கென்று கையை இழுத்து, ரவிக்கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"அப்புறம்" என்று அவள் காதில் சொன்னேன்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "அப்புறமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பிறகு நான் அவள் கிட்டே போகவே முடியவில்லை.

மூன்று மணி பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா அப்போதே என்னைக் கிளப்பிவிட்டாள். ரயிலில் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கை அரித்துக்கொண்டே இருந்தது. ரவிக்கைக்குள் அவள் எழுதியது எழும்பியிருக்கிறது, இப்போது பார்த்தால் தெரியும் என்று எனக்குத் தெரியும். பொத்தானைக் கழற்றத் தைரியம் இல்லை. ஆலப்பாக்கத்தில் கிராசிங்குக்காக வண்டியை நிறுத்திப்போட்டார்கள். கடலூர் வருவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தோட்டத்துக் குளியலறைக்கு ஓடி ரவிக்கைக் கையைச் சுருட்டினேன். அவள் இழுத்த கோடு ஒன்றுகூட இல்லை. அந்த இறுக்கமான ரவிக்கையின் தையல்தான் நேராக, தடிப்பாக எழும்பி நின்றது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கொண்டை ஊசியை எடுத்து, எனக்கு நினைவிருந்த அந்த நீளக் கோட்டையும் சின்னக் கோட்டையும் நானே போட்டுப் பார்த்தேன். படகின் அடிவளைவு மாதிரியும் இருந்தது. ஏதோ ஒரு எழுத்தின் தொடக்கம் மாதிரியும் இருந்தது. எத்தனை நாள் அப்படிப் போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. 'எனக்கு இஷ்டமில்லை' என்று எழுத வந்தாளா? 'என்னை மறக்காதே' என்றா? இல்லை, பயத்தை மறக்கச் சும்மா ஒரு மீனையா? அவள் சொல்ல வந்ததில் பாதிக்கு நான் இடம் கொடுக்கவில்லை. கொடுத்த பாதியையும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போய்விட்டாள். ஒரு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. எல்லோரும் நலம், ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, உன் அம்மாவுக்கு சலாம் சொல்லவும். யார் வேண்டுமானாலும் சத்தமாகப் படிக்கலாம், அப்படி ஒரு கடிதம். அன்றைக்கு என்ன எழுதினாய் என்று கேட்டுப் பதில் எழுதப் பேனாவை எடுத்தேன். அங்கே அதையும் யாராவது சத்தமாகப் படிப்பார்களே என்று நானும் நலம் என்றே எழுதிப் போட்டேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் வரவில்லை.

எனக்கும் கல்யாணம் ஆயிற்று. அம்மா வருஷக்கணக்காகப் பயந்த விஷயத்தை என் வீட்டுக்காரர் நாலாம் நாளே பார்த்துவிட்டார். "எறும்பு கடிச்சுதா?" என்றார். விவரத்தைச் சொன்னேன். "அட, அவ்ளோதானா" என்று பேப்பர் படிக்கப் போய்விட்டார். இந்த அவ்வளவுதானாவுக்காகவா அன்று கையை இழுத்தேன் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

நாற்பது வயதுக்கு மேல் தோல் தானாகவே அடங்கிவிட்டது. இப்போது கீறினால் கீறல்தான், எதுவும் எழும்புவதில்லை. ஊரே சந்தோஷப்பட்டது, என்னால்தான் முடியவில்லை. அவள் ஒருநாள் வாசலில் வந்து நின்றால் நீட்டுவதற்கு அந்தக் கை இனி என்னிடம் இல்லை. ஆனால் அவள் கல்யாணத்தன்றிலிருந்து ஒன்று பழகிக்கொண்டிருக்கிறேன். என்ன அவசரமாக இருந்தாலும், யார் பார்த்துக்கொண்டிருந்தாலும், ஒருவர் என் கையைப் பிடித்தால் அவர்களாக விடும்வரை நான் இழுத்துக்கொள்வதில்லை.