எந்தப் பக்கம் மாட்டினாலும் பாடும்

இந்த ஊரில் இஸ்திரிப் பெட்டி வாங்கினால் அதன் வால் மொட்டையாக இருக்கும். கம்பி உண்டு, கம்பியின் நுனியில் பிளக் கிடையாது. ஏன் என்று கடைக்காரரிடம் கேட்டேன். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் துளை ஒவ்வொரு மாதிரி, பிளக்கை நீங்களே பார்த்து வாங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். பாதி உலகத்துக்கு ரயிலும் சட்டமும் வகுத்துக் கொடுத்த தேசம், தன் வீட்டுச் சுவரில் துளை உருண்டையா சதுரமா என்று இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெண்ணெய்க் கத்தியால் திருகாணியை முடுக்கி, சிவப்பு இங்கே, கறுப்பு அங்கே என்று ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டார். யாரும் வெற்றிலைத் தட்டு வைக்கவில்லை. யாருக்கும் கோபம் வரவில்லை. திருமயத்துக்காரனான எனக்கு அதுதான் ஆச்சரியம்.

லண்டனில் எனக்கு ஒரு பேட்டண்ட் ஏஜெண்டு ஆபீஸில் உத்தியோகம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம், அதற்கு உரிமைப் பட்டயம் வேண்டும் என்று ஆட்கள் வருவார்கள். அது நிஜமாகவே புதிதா, அல்லது தொழில் தெரிந்த எவனுக்கும் தானாகத் தோன்றக்கூடிய சங்கதிதானா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அந்தத் ‘தொழில் தெரிந்தவன்’ நிஜ மனிதன் அல்ல, சட்டம் கற்பித்த ஆள். அவனுக்குத் தொழிலில் எல்லாம் தெரியும், கற்பனை மட்டும் சுத்தமாகக் கிடையாது. அவனுக்கு மாமன் மச்சான் கிடையாது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகமாட்டான். அவனுக்கு இது தோன்றுமா தோன்றாதா என்று அவன் சார்பில் நான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

சென்ற மாதம் கார் ரேடியோ செய்யும் ஒரு கம்பெனியின் வரைபடம் என் மேஜைக்கு வந்தது. பாட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை ரேடியோவுக்கு வேண்டிய இருநூற்றுச் சொச்சமாக ஏற்றித் தரும் கன்வெர்ட்டர் பெட்டி அது. இங்குள்ள கார்களில் சிலவற்றுக்கு பாட்டரியின் பிளஸ் முனை உடம்போடு சேர்ந்திருக்கும், சிலவற்றுக்கு மைனஸ் முனை. ஒன்றுக்குச் செய்த ரேடியோவை மற்றதில் மாட்டினால் கருகிவிடும். கம்பெனி எஞ்சினியர் என்ன செய்திருந்தார் என்றால், பாட்டரிக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே நாலு டயோடுகளை நாற்சந்தி போலக் கோத்திருந்தார். மின்சாரம் எந்தப் பக்கம் நுழைந்தாலும் ஒரே பக்கமாகத்தான் வெளியேறும். எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். இதில் இரண்டு வோல்ட் வீணாகிறது, அதனால்தான் இதுவரை எவரும் துணியவில்லை என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, சிரித்ததை நினைத்து வெட்கம் வந்தது. காரணம் இருக்கிறது.

என் அக்காள் கணவர் அடைக்கலம் திருமயத்தில் மைக் செட் வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அன்று மின்சாரம் ஏது? கல்யாண வீட்டில் பாட்டுப் போட வேண்டுமானால் எவர் காரிலிருந்தோ லாரியிலிருந்தோ பாட்டரியைக் கழற்றி வைத்துக்கொள்வதுதான். மைக் செட் வந்த புதிதில் அதை ஒட்டி ஒரு சடங்கும் முளைத்தது. செட்டின் இரண்டு கிளிப்புகளையும் வெற்றிலைத் தட்டில் வைத்துப் பெண்ணின் தாய்மாமனிடம் நீட்ட வேண்டும். அவர்தான் பாட்டரியில் மாட்டிப் பாட்டைத் துவக்கி வைப்பார். மாமனுக்குள்ள மரியாதையில் இதுவும் ஒன்றாகிவிட்டது. எந்த முனையில் எதை மாட்டுவது என்று மாமனுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் வாய் வராது. சொன்னால் பந்தலை விட்டுப் போய்விடுவார்.

அரிமளம் பக்கம் ஒரு கல்யாணத்தில் புகையிலை வியாபாரியான ஒரு மாமன் நிதானமாக வேஷ்டியை மடித்துக் கட்டி, கிளிப்புகளை மாற்றி மாட்டினார். பெட்டிக்குள் கண்டன்சர் டப்பென்று வெடித்தது. புகை வந்தது. பந்தல் பூராவும் நாற்றம். மாமன் மீசையைத் தடவிக்கொண்டு, “ராசியில்லாத செட்டா இருக்கும்போல. அங்கிட்டுத் தூக்கிப் போடுங்கப்பா” என்றார். அவ்வளவுதான், அந்த ஆவணி முழுவதும் மச்சானை யாரும் கூப்பிடவில்லை. அக்காள் வளையலைக் கழற்றி அடகுக்குக் கொடுத்ததும் அந்த மாதத்தில்தான்.

பஸ் ஷெட்டில் கழித்துப் போட்டிருந்த சார்ஜரிலிருந்து, டயோடு போல மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டுமே விடும் செலினியம் தகடுகளைப் பெயர்த்து வந்து, மச்சான் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் நாற்சந்தி போலக் கோத்தார். நான் அப்போது புதுக்கோட்டைக் காலேஜில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். சோப்புப் போட்டுச் சலவை செய்த சட்டையோடு வந்து பார்த்தேன்.

“என்ன மச்சான் இது? பாட்டரிக்கு முன்னால போயி இதப் போடுவாகளா? ரெண்டு வோல்ட்டு சும்மாப் போகுமே. எந்தப் புஸ்தகத்துலயும் இப்புடி இல்ல.”

“ரெண்டு வோல்ட்டு போனாப் போவுது மாப்ளே. மானம் போவக்கூடாதுல்ல.”

நான் சிரித்தேன். நன்றாக, உரக்கச் சிரித்தேன். அதற்கடுத்த தை மாதம் அதே புகையிலை மாமன் இன்னொரு கல்யாணத்தில் அதேபோலத் தலைகீழாக மாட்டினார். செட் பாடியது. மாமன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார், மச்சான் கும்பிட்டார். பிறகு அறந்தாங்கி வரைக்கும் மைக் செட்டுக்காரர்கள் வந்து மச்சானிடம் டின் செய்து வாங்கிப் போனார்கள்.

இதையெல்லாம் என் மேலதிகாரி ஹார்டிங்கிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பைப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்.

“புத்தியுள்ளவன் எதற்காக இரண்டு வோல்ட்டை வீணாக்குவான்?”

“மணப்பெண்ணின் மாமாவுக்காக.”

“அவர் எஞ்சினியரா?”

“இல்லை, புகையிலை வியாபாரி.”

அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதி, பிறகு அடித்துவிட்டார். “உங்கள் ஊரில் நடந்தது இங்கே கணக்கில்லை. இந்த நாட்டுக்குள் தெரிந்திருந்தால்தான் பழையது.”

“எனக்குத் தெரியும். நான் இந்த நாட்டில்தான் இரண்டு வருஷமாக இருக்கிறேன்.”

“நீங்கள் வந்துவிட்டீர்கள். அது இன்னும் வரவில்லை” என்றார். கேலி இல்லை, சட்டத்தைத்தான் சொன்னார். ஒருவன் தலைக்குள் இருப்பது ஊரறிந்தது ஆகாதாம்.

சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் கம்பெனியின் கடிதத்தில் கடைசியில் ஒரு வரி இருந்தது. இங்கே பட்டயம் கிடைத்ததும் கல்கத்தாவிலும் பதிவு செய்து, இந்தியாவில் ஒலிபெருக்கிக்காரர்களுக்குப் பெட்டியை விற்க உத்தேசமாம். அந்தப் பதிவு நடந்துவிட்டால், தன் டின்னைத் தானே செய்வதற்கு மச்சான் அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் செய்தால் திருட்டு. கோர்ட்டு, வக்கீல் என்று அவரால் அலைய முடியாது. அக்காளிடம் இன்னொரு ஜோடி வளையலும் கிடையாது. வழி ஒன்று இருந்தது. இந்தியாவில் ஏற்கெனவே பலரறிய வழங்கிவருகிறது என்று தேதியோடு அச்சில் காட்டினால், அங்கே விண்ணப்பிப்பது வீண் என்று நானே எழுதிவிடலாம். மச்சானுக்கு ஏர் மெயிலில் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ். தேதி இருந்தது. அடியில், ‘மைக் செட்: திருமயம் அடைக்கலம். மாமன்மார் எந்தப் பக்கம் மாட்டினாலும் பாடும்’ என்று அச்சடித்திருந்தது. கூட ஒரு கடிதம்.

“மாப்ளே, நீ கேட்ட நோட்டீசு இத்தோட இருக்கு. அந்தப் பொட்டிய வெள்ளக்காரவுக அங்கிட்டுப் பதியுறாகன்னா பதிஞ்சுட்டுப் போவட்டும். ஒண்ணு மட்டும் வெசாரிச்சு எழுது. அவுகள எந்த மாமன் கோவிச்சுக்கிட்டாரு?”

நோட்டீஸை மொழிபெயர்த்து அறிக்கையோடு இணைத்தேன். ‘மாமன்மார்’ என்ற இடத்தில் மட்டும் அரை நாள் திண்டாடினேன். ஹார்டிங் இரண்டு தடவை படித்தார். இந்தியா வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதச் சம்மதித்தார். பிறகு பிரிட்டனைப் பற்றி நான் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். ‘தொழில் தெரிந்தவனுக்கு இது தானாகத் தோன்றாது. பாகங்களைக் கையில் கொடுத்துக் காட்டியும், தொழில் படித்த ஒருவன் இரண்டு வோல்ட் வீண் என்று சிரித்தது உண்டு.’

“நல்ல சாட்சி. யார் அந்த ஆள்?”

“நான்தான்.”

“எங்கே சிரித்தீர்கள்?”

“திருமயத்தில்.”

அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “அப்படியானால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அதுவும் இங்கே நடக்கவில்லையே.”

அடித்தேன். மச்சானின் கெட்டிக்காரத்தனம் இந்த நாட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை, என் முட்டாள்தனமும் வந்து சேரவில்லை. மிச்சமிருந்த என்னை வைத்துக்கொண்டு, ‘இந்த நாட்டில் இது எவரும் அறியாதது’ என்பதன் கீழே கையெழுத்துப் போட்டேன். இடம் என்று ஒரு கோடு இருந்தது. அதில் லண்டன் என்று எழுதினேன்.