இடம் மாறிய வரவு

முப்பத்திரண்டு வயதில் என்னை மறுபடி வகுப்புக்கு அனுப்பியவர் என் முதலாளி. சேலத்தில் நெசவாளர்களுக்குக் கடனுக்கு நூல் கொடுக்கும் கடை அவருடையது. நான் அங்கே பத்து வருஷமாகக் கணக்குப்பிள்ளை.

ஒரு நாள் கூப்பிட்டு, "இங்கிலீசு முறையில கணக்கெழுதச் சொல்லித் தராங்களாமுங்க. சாயங்கால வகுப்பு. வகுப்புச் சம்பளத்தை நான் கட்டறேன், போயிட்டு வாங்க" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து வருஷம் நான் எழுதியது கணக்கில்லாமல் என்னவாம்? இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் பென்சிலைச் சீவிக்கொண்டு பெஞ்சில் போய் உட்காருவதா?

உட்கார்ந்தேன். மூன்றாம் நாளே வாயைப் பிளந்தேன். ஒவ்வொரு தொகையும் இரண்டு இடத்தில் பதிகிறது. கடைசியில் கூட்டினால் இரண்டு பக்கமும் காலணா பிசகாமல் ஒன்றாய் நிற்கிறது! இதை முதலில் யோசித்தவன் மனிதன்தானா என்று வீடு வரைக்கும் எனக்குள்ளேயே பேசிக்கொண்டு நடந்தேன்.

பக்கத்துக் கடைக்காரருக்கு இது பொறுக்கவில்லை. "ஏனுங்க, இவரு படிச்சுட்டா நாளைக்கு மில்லுக்காரன் கூப்புட்டுக்குவான். அப்பறம் உங்க கணக்கை யாரு எழுதுவா?" என்று என் காதுபடவே கேட்டார். முதலாளி சிரித்தார். "கூப்புடட்டுமுங்க. நம்ம கடைக்குத்தான பெருமை?"

சித்திரையில் புதுக் கணக்கைப் புது முறையிலேயே எழுதச் சொன்னார். வினை அங்கேதான் வந்தது. நம் பழைய பேரேட்டில் ஒருவர் கட்டிய பணம் இடப்பக்கம், வாங்கிய பற்று வலப்பக்கம். இங்கிலீஷ் முறையில் அப்படியே தலைகீழ். மண்டைக்குத் தெரிந்துவிட்டது, கைக்குத் தெரிய வேண்டாமா? ராசிபுரத்து நெசவாளர் ஒருவர் கட்டித் தீர்த்த நாற்பது ரூபாயை என் கை பழக்கதோஷத்தில் இடப்பக்கமே எழுதிவிட்டது. புதுப் பேரேட்டில் அது பற்று, அதாவது இன்னொரு கடன். பழைய நாற்பதும் தீராமல், அதோடு இந்த நாற்பதும் சேர்ந்துகொண்டது. கடனே இல்லாத மனிதர் எண்பது ரூபாய்க் கடன்காரர் ஆகிவிட்டார்.

மாசக் கடைசியில் கூட்டியிருந்தால் பிடிபட்டிருக்கும். அதற்குள் எங்கள் வசூல்காரர் பேரேட்டை நம்பி ராசிபுரம் போய், தெருவே வேடிக்கை பார்க்கச் சத்தம் போட்டு, அவர் நெய்து வைத்திருந்த நாலு சேலைகளைத் தூக்கி வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த நெசவாளர் ரசீதோடு வந்து நின்றார். ரசீதையும் பேரேட்டையும் பார்த்தேன். முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது என்று மெதுவாகச் சொன்னேன். வேலை போனால்கூடப் போகட்டும். கணக்கில் தப்பு விட்டவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்தச் சேலத்தில் எவன் என்னிடம் பேரேட்டைக் கொடுப்பான்?

"பொண்டு புள்ளைங்க முன்னால என்னைத் திருடனாட்டம் நிக்க வெச்சுட்டீங்க. யாருங்க இதை எழுதுனது? அந்தாளை நான் பாக்கோணும்" என்றார் நெசவாளர்.

முதலாளி இருக்கையைவிட்டு எழுந்தார். "நான்தானுங்க எழுதுனேன். என்னை மன்னிச்சுக்கோணும்."

முதலாளிக்குத் தன் பெயரைக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் ஓரெழுத்து எழுத வராது. கடையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். பத்து வருஷமாக அங்கே நூல் வாங்கும் அந்த நெசவாளருக்கும் தெரியும். அவர் முதலாளியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

"சேலையை நானே கொண்டாந்து தாரேன். எந்தத் தெருவுல சத்தம் போட்டாங்களோ, அங்கயே வந்து சொல்றேன்" என்று முதலாளி மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் வாசல் வரை பின்னால் ஓடினேன். "பழைய முறைக்கே போயிரலாமுங்க. நான் வகுப்பை நிறுத்திக்கறேன்."

"நிறுத்துனா அவரு பட்ட அவமானமும் வீண், நான் சொன்ன பொய்யும் வீண். இனி மாசக் கடைசி வரைக்கும் காத்துட்டிருக்காதீங்க, வாரா வாரம் கூட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, சேலைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெசவாளரோடு பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் வகுப்புக்குப் போனேன். நான் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், என் முதலாளி ராசிபுரத்தில் அந்த நெசவாளரின் தெருவில், என் தப்பைத் தன் தப்பென்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.