குளியலறையில் விட்டுப்போன பல்செட்டு

சார்ஜரை மறந்துவிட்டுப் போகிறவர்கள் மீது எனக்கு இரக்கமே கிடையாது. காலையில் அறையைக் காலி செய்வார்கள், மதியம் போன் வரும். "கட்டில் பக்கத்துல செருகியிருந்தேன், பாத்தீங்களா?" பார்த்தேன். மேசை இழுப்பறையில் ஒரு கூடை சார்ஜர் பின்னிக்கொண்டு கிடக்கிறது, வந்து உங்களுடையதை நீங்களே பிரித்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் துடிக்கும். சொல்ல மாட்டேன். சம்பளம் வாங்குகிற வாய்.

நான் வேலை பார்ப்பது திருவனந்தபுரத்தில், மெடிக்கல் காலேஜ் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் சின்ன லாட்ஜில். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கோவளத்துக்குப் போய்விடுவார்கள். சாமி கும்பிட வருகிறவர்களுக்குக் கிழக்கேகோட்டையிலும் பழவங்காடியிலும் அறை கிடைக்கும். எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். அதில் பாதிப்பேர் நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். அவர்களிடம் தமிழில் பேச ஒருத்தி வேண்டும் என்றுதான் என்னை ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள். நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். விழிஞ்ஞத்தில் வெல்டிங் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். என் மகள் என்னோடு சண்டை போடுவதே மலையாளத்தில்தான்.

ரிசப்ஷன் என்று பெயரே தவிர, அறை காலியானால் மேலே போய்ப் பார்ப்பதும் நான்தான். போகப் போக ஒன்று புரிந்தது. எங்கள் லாட்ஜில் மறந்துபோன பொருள் வேறு, விட்டுப்போன பொருள் வேறு. நோயாளி தேறிவிட்டால் பாதி கரைந்த சோப்பைக்கூடச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். தேறவில்லை என்றால் புது பிளாஸ்க், தலையணை, கட்டிலடியில் செருப்பு எல்லாம் அப்படியே கிடக்கும். முதலில் எனக்கு இது விளங்கவில்லை. இப்போது கதவைத் திறந்து அந்தச் செருப்பைப் பார்த்ததுமே புரிந்துவிடும். அதைத் தேடிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள்.

முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. "நம்ம அங்கோட்டு விளிக்கண்டா மோளே. அவரு வந்து சோதிச்சா குடுத்தா மதி." நாமாக யாரையும் போனில் கூப்பிடக் கூடாது, அவர்களாகக் கேட்டு வந்தால் கொடுத்தால் போதும். நான் வருவதற்கு முன்னால் யாரோ ஒருவர் விட்டுப்போன சட்டைக்காக அவர் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார்கள். எடுத்தது மனைவி. கம்பெனி வேலையாகச் சென்னையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, அந்த மனிதர் இங்கே தனியாக வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை, சண்டை, லாட்ஜில் வந்து ரகளை. அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டம். அதில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைத்தேன்.

எங்களிடம் வந்துபோன ஒரு தம்பதி வள்ளியூர்ப் பக்கம். கணவர் நெடுங்காலம் துபாயில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன், அந்த அம்மாவை அக்கா என்று. அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய். சில வாரங்களுக்கு ஒருமுறை வந்து மருந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒரே மகனும் துபாயில்.

முதல் தடவை வந்த அன்றே அக்கா கீழே இறங்கி வந்து என்னிடம் எரிந்து விழுந்தார். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லையாம். எனக்கும் சுள்ளென்று வந்தது. காலையிலிருந்து தலைக்குமேல் வேலை. "உள்ள இருக்கது உங்க ரெண்டு பேருதானக்கா? கட்டின புருஷன் கதவத் தெறந்தா என்ன, தலையா போயிரும்?" என்று கேட்டுவிட்டேன். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். அண்ணாச்சி வாசலில் டீ வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். சட்டென்று திரும்பி நின்று, வாயில் கை வைத்து, மேல்வரிசைப் பல்லைக் கழற்றி என்னிடம் காட்டிவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் எனக்கு முன்னால் நின்றது வேறு ஒரு கிழவி.

"அவியளுக்குத் தெரியாது மக்ளே" என்றார், வாசல் பக்கம் கண்ணைக் காட்டி.

அண்ணாச்சி துபாயில் இருந்தபோதே அக்காவுக்கு மேல்பற்கள் ஆடத் தொடங்கி, ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது. செட்டு கட்டிக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பெண் பார்க்க வந்த அன்று அக்கா எதற்கோ சிரித்திருக்கிறார். அந்தப் பல்வரிசையைப் பார்த்துத்தான் அன்றே சம்மதம் சொன்னேன் என்று கல்யாணமான நாளிலிருந்து அண்ணாச்சி சொல்லிக்கொண்டே இருப்பாராம். துபாயிலிருந்து போனில் பேசும்போதும் அதே பேச்சு. "அப்படிச் சொல்லுத மனுசன்கிட்ட வாயத் தெறந்து காட்டச் சொல்லுதியா?" என்றார். தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. ஸ்கேனுக்குக் கழற்றச் சொல்லும்போது அண்ணாச்சி வெளியே நிற்பார், அக்கா கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு கோபமும் வந்தது, யார்மீது என்று தெரியவில்லை. அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட வைத்தேன்.

அப்புறம் வரும்போதெல்லாம் அக்கா அதே அறையைத்தான் கேட்பார். ஆள் தேய்ந்துகொண்டே வந்தார். மருந்தின் சூட்டில் வாயெல்லாம் புண். செட்டு மாட்டினால் உயிர் போகிறது என்பார், ஆனாலும் மாட்டியிருப்பார். கழற்றி வையுங்களேன் என்றால் முறைப்பார்.

கடைசித் தடவை வந்தபோது ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அண்ணாச்சி என்னிடம் மட்டும் சொன்னார். அக்காவிடம், பத்து நாள் ஓய்வெடுத்துவிட்டு வரச் சொன்னார்கள் என்று சொல்லி வைத்திருந்தார். விடியற்காலையில் வண்டி வந்தது. நான் வேலைக்கு வருவதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்கு நடக்க முடியவில்லை, இரண்டு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள், முந்தானையால் வாயைப் பொத்தியே இருந்தார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

மேலே போய்ப் பார்த்தேன். பிளாஸ்க் இல்லை, செருப்பு இல்லை, தேறிப் போகிறவர்களைப் போல எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தார்கள். குளியலறையில், சோப்பு வைக்கும் தட்டுக்குப் பின்னால், ஒரு டம்ளர் தண்ணீரில் செட்டு கிடந்தது. புண்ணின் வலி தாங்காமல் இரவு கழற்றி வைத்திருக்க வேண்டும். காலை அவசரத்தில் யாரிடம் கேட்பார்? எடுத்துக்கொடுக்கச் சொல்ல, பக்கத்தில் இருந்தது அண்ணாச்சி ஒருவர்தான்.

கூட்டிப் பெருக்க வந்த பெண் மூக்கைச் சுளித்து, "வெப்புப்பல்லா? களையட்டே?" என்று குப்பைக் கூடையை நீட்டினாள். அவளை ஒரு அதட்டுப் போட்டு, செட்டைக் கழுவித் துடைத்து டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன். முதலாளியின் சட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் அன்று சாயங்காலமே அண்ணாச்சியின் நம்பருக்குப் போன் செய்தேன். அவர்களிடம் இருந்தது அந்த ஒரு போன்தான்.

"அக்கா எப்படி இருக்காங்க அண்ணாச்சி? ஒரு வார்த்த பேசணும்."

"அவ பேசமாட்டேங்கா தாயி. வண்டில ஏறினதுலேருந்து வாயத் தொறக்கல."

"பேச வேண்டாம். காதுல வைங்க, நான் சொல்லுதத கேட்டாப் போதும்."

வைத்தார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "அக்கா, உங்க சாமான் எங்கிட்ட பத்திரமா இருக்கு. மருந்து மாதிரி பொட்டலம் கட்டி, தம்பானூர் ஸ்டாண்டுல நாகர்கோவில் பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து விடுதேன். அண்ணாச்சி நாகர்கோவில்ல வந்து வாங்கிக்கிடட்டும். அனுப்பவா?"

மூச்சுதான் வந்தது. பிறகு அண்ணாச்சியின் குரல். "என்னம்மா கேட்ட? வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டுதா."

எனக்குப் புரிந்தது. மாத்திரையைப் பிரிப்பதும் வாயில் போடுவதும் அவர்தான். பொட்டலத்தையும் அவர்தான் பிரிப்பார். நானே கொண்டு போகலாமா என்றும் யோசித்தேன். கட்டிலை விட்டு நகராத அண்ணாச்சியை வைத்துக்கொண்டு அதை எப்படி அக்காவின் கையில் சேர்ப்பது? "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா விசாரிச்சேன்" என்று போனை வைத்தேன். பல்செட்டுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று அக்கா மீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மூன்று வாரம் இருக்கும். மதிய வேளையில் அண்ணாச்சி மட்டும் வந்து ரிசப்ஷன் முன்னால் நின்றார். மொட்டைத் தலை. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஏதோ காகிதம் வாங்க வந்தேன், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"போயிட்டா. வீட்டுக்குப் போயி ஒரு வாரந்தான் இருந்தா" என்றார். "அந்த ஒரு வாரமும் எங்கூட ஒரு வார்த்த பேசல தாயி. மொகத்தச் செவருபக்கம் திருப்பிக்கிட்டுக் கெடந்தா. தண்ணி குடுத்தாக்கூட முந்தானைக்குள்ளதான் குடிப்பா. நான் பொய் சொல்லி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்லா, சாக விட்டுட்டான்னு நெனச்சிட்டா. அந்தக் கோவத்தோடயே போயிட்டா."

நான் பதிவு நோட்டை மூடி வைத்தேன்.

"அவ கடைசியா பதில் சொன்னது உங்கிட்டதான். தலைய ஆட்டினாளே. நீ என்னத்தக் கேட்டம்மா?"

அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். காகிதமெல்லாம் சும்மா. அக்காவுக்கு நான் சத்தியம் எதுவும் செய்து கொடுக்கவில்லை, ஆனால் அது சத்தியத்துக்குக் குறைந்ததும் இல்லை. கடைசிவரை சுவரைப் பார்த்துக் கிடந்து அக்கா காப்பாற்றிய ரகசியம். கடைசியாகக் குளிப்பாட்டிய பெண்கள் பார்த்திருப்பார்கள், நோயில் போன பல் என்று நினைத்திருப்பார்கள், அல்லது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நானும் மூடிக்கொள்ளலாம். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன், தலையை ஆட்டினாங்க என்று சொன்னால் முடிந்தது. இந்த மனிதர் அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டே ஊருக்குப் போவார், சாகிறவரைக்கும் சுமப்பார்.

என்னால் முடியவில்லை. செத்தவளுக்கு வெட்கம் எதற்கு என்று மனதுக்குள் அக்காவைத் திட்டிக்கொண்டே இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"கோவம் இல்ல அண்ணாச்சி. இது இங்கயே இருந்து போச்சு. இது இல்லாம உங்க மொகத்தப் பாக்க மாட்டாங்க. அனுப்பவான்னுதான் கேட்டேன். நீங்க பாத்திருவீங்கன்னு வேண்டாம்னாங்க."

திறந்து பார்த்தார். முதலில் விளங்கவில்லை. "இது யாருக்க பல்லு?" என்றார். பிறகு கையில் எடுத்தார். ரோஜா நிற ஈறும், அளவெடுத்து வைத்தது போன்ற பற்களும். விரலால் முன்பல்லைத் தடவினார். தெரிந்துகொண்டார். துபாயிலிருந்து திரும்பி வந்த பிறகு அவர் பார்த்த சிரிப்பெல்லாம் அதுதானே.

"எப்ப?"

"நீங்க துபாய்ல இருந்தப்ப."

அப்போதுதான் உட்கார்ந்தார். நாற்காலியில் இல்லை, சுவரோரம் தரையில். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. மலையாளத்தில் யாரோ அறை கேட்டு வந்தார்கள். அறை இல்லை என்று அனுப்பிவிட்டேன். இரண்டு அறை காலியாகத்தான் இருந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ, அக்கா எங்கிருந்தாவது முறைத்துக்கொண்டிருப்பாரோ என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"அத்தன பல்லையும் புடுங்கையில வலிச்சிருக்கும்லா" என்றார். "தொணைக்கு யாரம்மா போயிருப்பா?"

எனக்குத் தெரியாது. அக்கா அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகன் அப்போது பள்ளிக்கூடம் போகிற பையனாக இருந்திருப்பான். தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை அதையே கேட்டார்.