பாசல் அரங்கில் அவள் பாடிய பாட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பாசலில் உள்ள ஒரு பெரிய இசை நாடக அரங்கு. நாடகம், கலை என்று தேடிப் போகிற ஆள் நானில்லை. சுவிசுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அந்த அரங்கை ட்ராமில் போகும்போது வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அன்று நான் உள்ளே போனது என் தோழி ஒருத்திக்காக.

தோழி என்றால் எங்கள் ஊர்க்காரி அல்ல. கொலம்பியாக்காரி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். ஹோட்டல் துணிகளை வெளுக்கும் ஒரு லாண்டரியில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். பெரிய படுக்கை விரிப்புகளை உருளை அயன் மெஷினுக்குள் விடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு நுனியை அவள் பிடிப்பாள், மற்ற நுனியை நான் பிடிப்பேன். எங்களுக்குப் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன் மட்டும்தான். அங்கே வேலை செய்த மற்றத் தமிழ்ப் பெண்கள் என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று பல மாதம் நினைத்திருக்கிறாள். உண்மை தெரிந்த பிறகும் மாற்றவில்லை. அக்காவாகவே இருந்துவிட்டேன்.

மெஷின் சத்தத்துக்குள் அவள் பாடிக்கொண்டே இருப்பாள். எல்லாம் ஒரே பாடகியின் பாட்டுகள். அவள் நாட்டில் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த, ஒரு காலத்தில் இங்கத்தைய வானொலிகளிலும் ஓயாமல் ஒலித்த ஒரு பாடகி. எனக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டுகளின் சத்தம் மட்டும் எனக்கும் பாடமாகிவிட்டது. ஒருநாள் ஒரு சோகப் பாட்டுக்கு அர்த்தம் கேட்டேன்.

“அக்கா, அவன் போயிட்டான். அவள் அழுகிறாள். பிறகு அவள் நல்லாச் சாப்பிடுகிறாள். எல்லாப் பாட்டும் இதுதான்” என்று சொல்லி, விரிப்பை உதறிவிட்டுச் சிரித்தாள்.

அவள் புருஷன் அவளை விட்டுப் போய் நெடுங்காலமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. உறவு என்று சொல்ல கொலம்பியாவில் ஒரு தமக்கை மட்டும்.

ஒரு காலை வேலையில் நின்றபோதே விரிப்பின் அவள் பக்கத்து நுனி கீழே விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. நான் ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் நிலத்தில் சரிந்துவிட்டாள். பாரிசவாதம். வலது கையும் காலும் போயின. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்து, ஊன்றுகோலோடு நடக்கப் பழகினாள். பேச்சு வரவே இல்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் ‘த... த...’ என்ற சத்தம் மட்டும் வரும். அதைத் தானே கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு அறை கொடுத்திருந்தார்கள். லீவு நாட்களில் நான் போய் வருவேன். தமக்கை வீடியோவில் அழைக்கும்போது நான் இருந்தால் ஃபோனைப் பிடித்துக்கொள்வேன். தமக்கை விடாமல் கதைப்பாள். இவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள், பிறகு என் கையிலிருந்து ஃபோனைப் பறித்துக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒருநாள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். மூளையில் பேச்சும் பாட்டும் ஒரே இடத்தில் இருப்பதில்லையாம். ஒரு சொல் பேச முடியாத சிலர் முழுப் பாட்டையும் பாடுவார்களாம். அதைப் பிடித்துக்கொண்டு பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்கலாமாம். ஜெர்மன் குழந்தைப் பாட்டுகளில் முயன்று பார்த்தார்கள், பலனில்லை. அவளுடைய பாடகியின் பாட்டுகளை நான் ஃபோனில் போட்டுப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், கண்ணீர் வடிந்தது, உதடு மட்டும் அசையவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் ட்ராம் தரிப்பிடத்தில் அந்தச் சுவரொட்டியைக் கண்டோம். அந்தப் பாடகியின் வாழ்க்கையை அவளுடைய பாட்டுகளையே கோர்த்து இசை நாடகமாக்கியிருக்கிறார்கள், பாசலுக்கு வருகிறது. என் தோழி ஊன்றுகோலால் சுவரொட்டியை மூடியிருந்த கண்ணாடியில் தட்டினாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

வீட்டில் சொன்னபோது கணவருக்கு மனமில்லை.

“உனக்கென்ன விசரோ? அவ்வளவு சனத்துக்க நடக்கேலாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்யப்போறாய்?”

“அவதானே கேட்டவ. சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதை விட அங்க வந்து அழுதாலும் பரவாயில்லை” என்றேன்.

மகள்தான் இணையத்தில் இடம் பிடித்துத் தந்தாள். “அம்மா, கரைச் சீற்றா எடுத்திருக்கிறன். அன்ரி கால் நீட்டிக்கொண்டு இருக்கலாம்” என்றாள்.

அன்று அவளை அழைத்துப் போகப் போனபோது, மஞ்சள் சட்டை போட்டுத் தயாராக இருந்தாள். லிப்ஸ்டிக்கை என் கையில் தந்து முகத்தை நீட்டினாள். சரிந்திருந்த அந்த வாயில் கோடு கோணாமல் பூசுவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினாள். நோய் வந்த பிறகு அவள் தன் முகத்தை அப்படி நின்று பார்த்தது அன்றுதான்.

அரங்கு நிறைந்திருந்தது. கூந்தலில் பூச்செருகிய சுவிஸ் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். பின்னால் எங்கோ ஸ்பானிஷ் கேட்டது, அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நாடகத்தில் பேச்சு ஜெர்மனில், பாட்டு மட்டும் ஸ்பானிஷில். முதல் பாட்டுக்கே சனம் கைதட்டத் தொடங்கிவிட்டது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த நரைத்த மனிதர் ஒருவர் தோளை ஆட்டி ஆட்டித் தாளம் போட்டார், அவர் மனைவி வெட்கத்தோடு அவர் முழங்கையைத் தட்டினாள். என் தோழி இடது கையால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, கூட்டிக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கட்டம் வந்தது. பாடகியின் தாய் இறந்துவிடுகிறாள். மேடையில் விளக்கெல்லாம் அணைந்து, ஒரு கிற்றார் மட்டும் ஒலிக்க, நடிகை தனியாக நின்று மெதுவாகப் பாடத் தொடங்கினாள். எனக்குப் பழகிய பாட்டு. அத்தனை பேர் இருந்த அரங்கில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பின்னாலிருந்து யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பினால், அவள். வாய் திறந்திருந்தது. சொற்கள் வந்துகொண்டிருந்தன. ‘த... த...’ அல்ல, முழுச் சொற்கள், லாண்டரியில் நான் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிய அதே சொற்கள், ஒன்றன்பின் ஒன்றாக. சுருதி இல்லை. நடிகைக்கு அரைத் தாளம் பிந்தி வந்தது. வாய் சரிந்திருந்ததால் சில எழுத்துகள் வழுக்கின. சத்தமோ பெரிது. இவ்வளவு காலமும் உள்ளே அடைபட்டிருந்த குரலுக்குத் தன் அளவு தெரியவில்லை. அவள் கையை இறுகப் பிடித்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டே பாடினாள், தன் வாயிலிருந்து வருவதைத் தானே நம்ப முடியாதவள் போல.

முன்னிருந்த அந்த மனிதர் திரும்பினார். உதட்டில் விரலை வைத்து, “ஷ்ஷ்ஷ்” என்றார்.

அவள் நிறுத்தவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “குடித்திருக்கிறாள் போல” என்று ஒரு பெண் ஜெர்மனில் சொன்னது கேட்டது. அந்த மனிதர் மறுபடி திரும்பினார். இம்முறை முகம் சுளித்திருந்தது. “தயவுசெய்து! நாங்கள் அவளைக் கேட்கத்தான் வந்தோம்” என்று மேடையைக் காட்டினார். அக்கம்பக்கத்து முகங்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. இன்னும் இரண்டு மூன்று இடங்களிலிருந்து “ஷ்ஷ்ஷ்” வந்தது.

நான் வாயைத் திறந்தேன். அவளுக்கு நோய், பேச்சு வராது, இது முதல் தடவை என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் இந்த நாட்டில் வேலை செய்து பேசிய ஜெர்மன் அந்த நேரத்தில் ஒரு வசனமாகக்கூடச் சேரவில்லை. அதற்குள் அரங்கில் வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி குனிந்தபடி வந்து, அவள் தோளில் மெதுவாகக் கை வைத்து, கொஞ்சம் வெளியே வர முடியுமா என்று கேட்டாள். மிகவும் பணிவாகத்தான் கேட்டாள்.

பாட்டு நின்றது. பாதிச் சொல்லில் நின்றது.

அந்த இளம்பெண்ணின் காதில் ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. “ஐயோ, எனக்குத் தெரியாதே. இருங்கள், இருங்கள், அவர் பாடட்டும்” என்றாள். ஆனால் மேடையில் பாட்டு முடிந்து கைதட்டல் தொடங்கியிருந்தது. என் தோழி குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பாட்டு ஆட்டப் பாட்டு. நடிகர்கள் எல்லோரும் மேடையின் விளிம்புக்கு வந்து, எழுந்து நின்று எங்களோடு பாடுங்கள் என்று கூப்பிட்டார்கள். அரங்கு முழுவதும் எழுந்தது. ஸ்பானிஷ் தெரியாதவர்களும் வாய்க்கு வந்ததைக் கத்திப் பாடினார்கள். முன்னிருந்த மனிதரும் கையை உயர்த்தி ஆடினார். ஆடியபடியே திரும்பி எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை, நல்ல சிரிப்பு. இப்போது பாடலாம், வாருங்கள் என்று இரண்டு கைகளாலும் என் தோழிக்குச் சைகை காட்டினார்.

அவள் அவரையே பார்த்தாள். எழவில்லை. உதடுகளை உள்ளே மடித்து இறுக மூடிக்கொண்டாள். பூசிவிட்ட சிவப்பு வெளியே தெரியவே இல்லை. அத்தனை பேரும் எழுந்து நின்றதில் எங்களுக்கு மேடை மறைந்துவிட்டது. முதுகுகளுக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

ட்ராமில் திரும்பும்போது நான் அவள் பாடிய பாட்டின் முதல் வரியை மெல்ல முணுமுணுத்துப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை, களைத்துவிட்டாள், வழி திறந்துவிட்டது, இனி வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய தமக்கைக்கு, மகளைக் கொண்டு ஃபோனில் ஸ்பானிஷுக்கு மாற்றி, பாட்டின் பெயரோடு எழுதி அனுப்புவித்தேன்: உங்கள் தங்கை பாடினாள்.

அடுத்த ஞாயிறு நான் அவள் அறையில் இருந்தபோது தமக்கை அழைத்தாள். வீட்டு ஆட்கள் எல்லோரையும் கூட்டி வைத்திருந்தாள். சின்னத் திரைக்குள் எத்தனையோ முகங்கள் நெருக்கியடித்தன. தமக்கையே அந்தப் பாட்டைத் தொடங்கினாள். இரண்டு வரி பாடிவிட்டு, நீ பாடு என்பதுபோல நிறுத்திக் காத்திருந்தாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் தோழி திரையைப் பார்த்தாள். பிறகு இடது கையை மெதுவாக உயர்த்தி, விரலை உதட்டில் வைத்தாள். “ஷ்ஷ்ஷ்” என்றாள்.

அந்தப் பக்கம் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்குத்தான் தெரியும். அறைக்கு வெளியே போய், நடைபாதையில் நின்று அழுதேன்.

பேச்சுப் பயிற்சிப் பெண் அதன் பிறகு எவ்வளவோ முயன்றாள். பாட்டு என்று தொடங்கினாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவசரப்படுத்தாமல் விட்டுப் பார்ப்போம் என்றார்கள். விட்டும் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு தமக்கை வந்து அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். விமான நிலையத்தில் என் தோழி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. என் காதருகே அவள் வாய் திறந்து மூடியதை உணர்ந்தேன். ‘அக்கா’ என்று சொல்ல முயன்றாளோ, வேறு ஏதாவதோ, தெரியாது. சத்தம் வரவில்லை.

தமக்கை இன்றும் இடைக்கிடை எழுதுவாள். நன்றாகச் சாப்பிடுகிறாளாம். வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாளாம். பாடவில்லை.

அந்த மனிதரில் எனக்குக் கோபம் வந்ததில்லை, அதுதான் இன்னும் கொடுமை. பாட்டைக் கேட்க ஆசையோடு வந்த ஒரு நல்ல மனிதர் அவர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் திரும்பிப் பார்த்திருப்பேன். அவள் மூளையில் செத்துப்போன இடத்தை டாக்டர்கள் படமெடுத்து எனக்குக் காட்டினார்கள். சாகாமல் மிஞ்சியிருந்த அந்தக் கொஞ்ச இடம் ஒரு ஞாயிறு பின்னேரம் எப்படி அடைபட்டுப்போனது என்பது எந்தப் படத்திலும் இல்லை, அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான், அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.